கருவியின் தூக்கமும் விவசாயியின் தூக்கமும்: ஸ்டார்டியூ வேலியின் நேரக் கணக்கு

நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்கக் கருவியில் ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமை ஆட ஆரம்பிப்பவர்களுக்கு முதல் சில நாட்களிலேயே வரும் சந்தேகங்கள் இவை. பாதி நாளில் சேவ் பண்ண வழியே இல்லையா? ராத்திரி பவர் பட்டனை அழுத்தி வைத்துவிட்டுப் படுத்தேன், மறுநாள் திறந்தால் நட்டது எதுவுமே காணோமே? கோடை பிறந்த அன்று எழுந்து பார்த்தால் தோட்டம் முழுக்கக் காய்ந்து கிடக்கிறதே, தண்ணீர் தவறாமல் ஊற்றினேனே? கருவியின் தேதியை நாலு நாள் தள்ளி வைத்தால் பயிர் சீக்கிரம் விளையுமா?

நான்கும் தனித்தனிச் சந்தேகம் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். கேமுக்குள் நேரம் எப்படி ஓடுகிறது, எப்போது நிற்கிறது, ஒரு நாள் எங்கே முடிகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் நான்குக்கும் பதில் கிடைத்துவிடும். எந்தப் பயிரை என்றைக்கு நடுவது, எங்கே ஆட்டத்தை நிறுத்துவது என்பதுகூட அந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

மூன்று வகைக் கடிகாரம்

விவசாய கேம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவற்றுக்குள் ஓடும் கடிகாரம் ஒரே மாதிரி இல்லை. மூன்றாகப் பிரிக்கலாம்.

1. ஆட்டத்தோடு ஓடி ஆட்டத்தோடு நிற்கும் கடிகாரம். ஸ்டார்டியூ வேலி, ஸ்டோரி ஆஃப் சீசன்ஸ் இரண்டும் இந்த வகை. கேமை மூடிவிட்டு மூன்று மாதம் கழித்துத் திறந்தாலும், மூடிய அதே நாள் உங்களுக்காகக் காத்திருக்கும். மாடு பட்டினி கிடக்காது, பயிர் வாடாது.

2. நிஜக் கடிகாரம். 2020 மார்ச் 20 அன்று வந்த அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உங்கள் ஊரில் இரவு என்றால் கேமில் நீங்கள் வாழும் தீவிலும் இரவு. அதனால்தான் சிலர் ஸ்விட்சின் தேதியையே முன்னும் பின்னும் நகர்த்தி ஆடுகிறார்கள். அதற்கும் ஒரு விலை உண்டு: தேதியைப் பின்னால் நகர்த்தினால், விற்பதற்காக வாங்கி வைத்த டர்னிப் கிழங்கு அழுகிப்போகும்.

3. காத்திருக்க வைக்கும் கடிகாரம். 2009 ஜூனில் ஃபேஸ்புக்கில் வந்து 2020 முடிவில் மூடப்பட்ட ஃபார்ம்வில்லில் ஸ்ட்ராபெரி விளைய 4 மணி நேரம், பூசணிக்கு 8 மணி நேரம், எல்லாம் நிஜ மணி. விளைந்ததை நேரத்தில் வந்து பறிக்காவிட்டால் வாடிப்போனது. 2012இல் வந்த ஹே டேயில் பயிர் வாடாது. கோதுமை 2 நிமிடத்தில் விளையும், மற்றவை நேரம் எடுக்கும். காத்திருக்கப் பொறுமை இல்லையா, வைரம் செலவழித்து முடுக்கலாம். அந்த வைரத்தை நிஜப் பணம் கொடுத்து வாங்கலாம்.

மூன்றாவது வகையில் நேரம்தான் விற்பனைப் பொருள். இரண்டாவதில் நேரம் உங்கள் அன்றாடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. முதல் வகையில் மட்டும்தான் நேரம் முழுக்க ஆடுபவரின் கையில் இருக்கிறது. கையில் வைத்து ஆடும் கருவிக்கு இந்த முதல் வகையே மிகவும் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். பேருந்து வந்தால் மூடலாம், அடுப்பில் பால் பொங்கினால் மூடலாம். எதுவும் கெட்டுப்போகாது.

தேதியைத் தள்ளி வைப்பது பற்றிய சந்தேகத்துக்கும் பதில் இங்கேயே கிடைத்துவிட்டது. ஸ்டார்டியூ வேலி கருவியின் தேதியைப் பார்ப்பதே இல்லை. அதை மாற்றி ஒரு பலனும் இல்லை.

மாலை 6 மணிக்கு நின்ற நேரம்

இந்தக் கடிகாரத்துக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. ஜப்பானின் மியாசாகி மாவட்டத்துக் கிராமப்புறத்தில் வளர்ந்து டோக்கியோவுக்கு வேலைக்கு வந்த யசுஹிரோ வாடா என்பவர், சண்டையே இல்லாத ஒரு கேமைச் செய்ய நினைத்தார். அதுதான் 1996 ஆகஸ்டில் சூப்பர் ஃபாமிகாம் என்ற டிவி கேம் கருவியில் வெளியான போகுஜோ மோனோகதாரி. பண்ணைக் கதை என்று பொருள். ஆங்கிலத்தில் ஹார்வெஸ்ட் மூன் என்ற பெயரோடு 1997இல் அமெரிக்காவுக்குப் போனது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஜப்பானில் கேம் பாய் என்ற கையடக்கக் கருவிக்கு ஒரு பதிப்பு வந்துவிட்டது. ஆக, விவசாய கேம் பிறந்த ஒன்றரை வருடத்துக்குள் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அந்த முதல் கேமில் காலை 6 மணிக்கு நாள் தொடங்கும், மாலை 6 மணிக்குக் கடிகாரம் நின்றுவிடும். அதன்பின் இரவு எவ்வளவு நீண்டாலும் கேட்பாரில்லை. மரம் வெட்டலாம், நிலத்தைக் கொத்தலாம், தெம்பு இருக்கும் வரை வேலை பார்க்கலாம். 2003இல் கேம் பாய் அட்வான்சுக்கு வந்த ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மினரல் டவுனில் வீட்டுக்குள் நுழைந்தால் நேரம் நின்றுவிடும். மூச்சு விட்டுக்கொள்ள இப்படி ஒரு இடம் வைத்திருந்தார்கள்.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம், கடையில் தேடும்போது உதவும். ஹார்வெஸ்ட் மூன் என்ற ஆங்கிலப் பெயர் அமெரிக்காவில் அதை வெளியிட்டு வந்த நட்சுமே நிறுவனத்துக்குச் சொந்தம். கேமைச் செய்யும் ஜப்பானிய நிறுவனமான மார்வலஸ், தன் துணை நிறுவனமான எக்ஸ்சீட் வழியாகவே வெளியிட முடிவெடுத்தபோது அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியவில்லை. 2014இல் ஸ்டோரி ஆஃப் சீசன்ஸ் என்ற புதுப் பெயரை அறிவித்தார்கள். அதே ஆண்டில் நட்சுமே, ஹார்வெஸ்ட் மூன் பெயரில் தன் சொந்த கேமை வெளியிட்டது. எனவே இன்றைக்கு ஹார்வெஸ்ட் மூன் என்று புதிதாக வருவது பழைய பெயர் தாங்கிய வேறு கேம். ஸ்டோரி ஆஃப் சீசன்ஸ் என்று வருவதுதான் 1996இல் தொடங்கிய வரிசை.

அந்தப் பழைய வரிசையில் ஊறிய அமெரிக்க இளைஞர் எரிக் பரோன். கல்லூரியில் கணினி படித்து முடித்தபின் சியாட்டிலில் ஒரு தியேட்டரில் இருக்கை காட்டும் வேலை பார்த்துக்கொண்டு, நாலு வருடத்துக்கும் மேல் தனியாளாக உட்கார்ந்து ஸ்டார்டியூ வேலியைச் செய்தார். படம், இசை, எழுத்து, நிரல் எல்லாமே அவர் கைவேலை. 2016 பிப்ரவரி 26இல் கணினியில் வந்தது, 2017 அக்டோபர் 5இல் ஸ்விட்சுக்கு வந்தது. 2024 முடிவதற்குள் எல்லாக் கருவிகளிலும் சேர்த்து 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது.

பரோன் செய்த முக்கியமான மாற்றம் கடிகாரத்தில் இருக்கிறது. ஸ்டார்டியூ வேலியில் மாலை 6 மணிக்கு நேரம் நிற்பதில்லை. வீட்டுக்குள் போனாலும் நிற்பதில்லை. காலை 6 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டி 2 மணி வரை விடாமல் ஓடுகிறது.

ஒரு நாள் என்பது எவ்வளவு?

கேமின் மூலையில் உள்ள கடிகாரம் பத்துப் பத்து நிமிடமாக நகரும். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் நிஜத்தில் ஏறத்தாழ 7 விநாடி ஆகிறது. காலை 6 முதல் இரவு 2 வரை 20 மணி நேரம். அதாவது 120 முறை நகர வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 840 விநாடி, 14 நிமிடம்.

தனியாக ஆடும்போது மெனுவைத் திறந்தால் கடிகாரம் நிற்கும். பெட்டியில் என்ன இருக்கிறது என்று நிதானமாகப் பார்க்கலாம், வரைபடம் பார்க்கலாம். இருவர் மூவராகச் சேர்ந்து ஆடும்போது ஒருவர் மெனுவைத் திறப்பதால் நேரம் நிற்காது. இன்னொரு விதியும் உண்டு: எல்லோரும் கட்டிலுக்குப் போனால்தான் இரவு 2 மணிக்கு முன் நாள் முடியும். ஒருவர் மீன் பிடித்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

இரவு 2 மணி ஆகியும் படுக்கவில்லை என்றால் விவசாயி இருந்த இடத்திலேயே சுருண்டு விழுந்துவிடுவார். வெளியில் விழுந்தால் கையிருப்பில் ஒரு பங்கு போகும், அதிகபட்சம் 1000 காசு. மறுநாள் தெம்பும் குறையும். ஆனால் விழுந்தாலும் நாள் முடிந்ததாகவே கணக்கு, சேவ் ஆகிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் விஷயம் இதைப் பொறுத்தது.

இரண்டு தூக்கம்

ஸ்விட்சில் ஸ்டார்டியூ வேலி சேவ் ஆவது ஒரே ஒரு தருணத்தில்தான்: விவசாயியின் நாள் முடியும்போது. கட்டிலில் படுத்து, ஆம் என்று சொல்லி, அன்றைய விற்பனைக் கணக்கு திரையில் வந்து, அடுத்த நாள் காலை 6 மணி விடியும்போது கேம் கருவியில் பதிவாகிறது. அதற்கு முன் செய்தது எதுவும் நிரந்தரமாகப் பதிவாவதில்லை.

ஏன் இரவில் மட்டும்? கேமின் பெரிய கணக்குகள் எல்லாம் இரவில்தான் முடிகின்றன. தண்ணீர் பட்ட செடி ஒரு படி வளர்வது, விற்பனைப் பெட்டியில் போட்டதற்குக் காசு வருவது எல்லாம் நாள் மாறும் அந்த நொடியில் நடக்கும். காலையில் எழும்போது ஊரில் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில், கணக்குப் புத்தகம் நேராக்கப்பட்ட நிலையில் இருக்கிறது. அந்த நிலையை அப்படியே எழுதி வைப்பது சுலபம்.

சரி, ஸ்விட்சின் பவர் பட்டனை லேசாக அழுத்தினால் திரை அணைகிறதே, அது என்ன? அது கருவியின் தூக்கம், ஸ்லீப் மோட். ஓடிக்கொண்டிருந்த கேமைத் தற்காலிக நினைவகத்தில் அப்படியே உறைய வைத்துவிட்டு, மிகக் குறைந்த மின்சாரத்தில் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். மறுபடி எழுப்பினால் கையில் தூக்கிய பூவாளி தூக்கிய நிலையிலேயே தொடரலாம். சொல்லப்போனால் அற்புதமான வசதி. ஆனால் அது சேவ் அல்ல. மின்சாரம் போனால் தற்காலிக நினைவகத்தில் இருப்பதும் போய்விடும்.

விவசாயி தூங்கினால் நாள் பதிவாகும். கருவி தூங்கினால் நாள் தொங்கலில் நிற்கும். இரண்டுக்கும் பெயர் தூக்கம் என்பதால்தான் இத்தனை குழப்பம்.

தொங்கலில் நிற்கும் நாள் காணாமல் போகும் வழிகள்:

1. பேட்டரி முழுக்கத் தீர்ந்துபோவது. ஸ்லீப் மோடிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகும். ஏற்கெனவே குறைவான சார்ஜில் மூடி, சில நாள் பையிலேயே விட்டுவிட்டால் கருவி தானாக அணைந்துவிடும்.

2. வேறு கேமைத் திறப்பது. ஸ்விட்ச் ஒரு நேரத்தில் ஒரு கேமைத்தான் நினைவில் வைத்திருக்கும். வேறொன்றைத் திறக்கும்போது முன்னதை மூடவா என்று கேட்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் ஆம் என்று சொல்லிவிடுவார்கள்.

3. கருவியின் மென்பொருளைப் புதுப்பித்து மறுதொடக்கம் செய்வது. கேம் மூடப்படும்.

4. கேமே திடீரென்று முடங்கிப்போவது. அபூர்வம்தான், ஆனால் நடக்கும்.

இந்த நான்கிலும் போவது அன்றைய ஒரு நாள் மட்டும். அதிகபட்சம் 14 நிமிட வேலை. முந்தைய நாள் இரவு வரை எல்லாம் பத்திரமாக இருக்கும். முழுப் பண்ணையும் போய்விட்டதாகப் பதறத் தேவையில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சுரங்கத்தில் அடிபட்டு விழுந்து பொருளை இழந்துவிட்டீர்களா? தெரியாமல் அரிய பொருளை விற்றுவிட்டீர்களா? படுக்காமல் கேமை மூடித் திறந்தால் அதே நாளின் காலை 6 மணிக்குத் திரும்பிப் போகலாம். பறிகொடுத்த நாளை மறுபடி வாழ்ந்துகொள்ளலாம்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். போனில் வரும் ஸ்டார்டியூ வேலியில் நாளின் நடுவிலும் சேவ் செய்யும் வசதி இருக்கிறது. போனில் ஆடிப் பழகியவர்கள் ஸ்விட்சுக்கு மாறும்போது அதே நினைப்பில் மூடிவிடுகிறார்கள். மேலும் ஸ்விட்சில் வளர்த்த பண்ணையைப் போனுக்கோ கணினிக்கோ கொண்டுபோக கேமுக்குள் வழி இல்லை. எந்தக் கருவியில் நீண்ட நாள் ஆடப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

தெம்புதான் முதல்

நேரம் ஒரு பக்கம் ஓட, இன்னொரு பக்கம் உடம்பும் தேயும். எனர்ஜி என்று கேம் சொல்லும் தெம்பு தொடக்கத்தில் 270. மண்வெட்டியால் ஒரு கட்டம் கொத்த 2, பூவாளியால் ஒரு கட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற 2, ஒரு முறை தூண்டில் வீச 8. விவசாயத் திறன் கூடக் கூட மண்வெட்டி, பூவாளிச் செலவு சிறிது சிறிதாகக் குறையும்.

முதல் நாளைக் கிட்டத்தில் பார்ப்போம். கையில் 500 காசு. வீட்டுக்குள் ஒரு பொட்டலத்தில் 15 பார்ஸ்னிப் விதை. வெள்ளைக் காரட் போன்ற ஒரு கிழங்கு அது. கல்லும் கட்டையும் களையுமாகக் கிடக்கும் நிலத்தில் 15 கட்டம் கொத்த 30 தெம்பு, தண்ணீர் ஊற்ற இன்னொரு 30. மீதி 210. அதன்பின் தினமும் 30 தெம்பு ஊற்றுவதற்கே போகும். ஐந்தாம் தேதி காலை 15 கிழங்கு பறிக்கலாம், தரம் சாதாரணம் என்றால் ஒன்றுக்கு 35 வீதம் 525 காசு. விதை இலவசம் என்பதால் எல்லாமே லாபம். அடுத்த முறை விதை 20 காசு, லாபம் 15.

பலரும் பயிரை விலையை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தொடக்கத்தில் காசைவிட அருமையானது தெம்பு. எனவே ஒரு தெம்புக்கு எவ்வளவு லாபம் என்று பார்ப்பதே சரி என்பது என் கருத்து. மழை இல்லை, ஒரு கட்டத்தில் ஒரு செடி, சாதாரணத் தரம், திறன் இன்னும் கூடவில்லை என்று வைத்துக்கொண்டால்:

1. பார்ஸ்னிப்: விதை 20, விலை 35, 4 நாள். கொத்த 2, நாலு நாள் தண்ணீருக்கு 8, ஆக 10 தெம்பு. லாபம் 15. ஒரு தெம்புக்கு ஒன்றரைக் காசு.

2. உருளைக்கிழங்கு: விதை 50, விலை 80, 6 நாள். 14 தெம்பு. லாபம் 30. ஒரு தெம்புக்கு இரண்டு காசுக்குச் சற்று மேல். சில நேரம் ஒரு செடியில் இரண்டு கிழங்கு வரும், அது கூடுதல்.

3. காலிஃபிளவர்: விதை 80, விலை 175, 12 நாள். 26 தெம்பு. லாபம் 95. ஒரு தெம்புக்கு மூன்றரைக் காசுக்கு மேல்.

4. கோடையில் ப்ளூபெரி: விதை 80. முதல் காய்ப்புக்கு 13 நாள், பிறகு நாலு நாளைக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் மூன்று பழம், பழம் 50 காசு. முதல் தேதி நட்டால் 14, 18, 22, 26 என நாலு பறிப்பு, 600 காசு. 52 தெம்பு செலவு, 520 லாபம். ஒரு தெம்புக்குச் சரியாகப் பத்துக் காசு.

திரும்பத் திரும்பக் காய்க்கும் செடிகள் ஏன் இவ்வளவு மதிப்பாகப் பேசப்படுகின்றன என்பது இதில் தெரிகிறது. கொத்துவதும் விதை வாங்குவதும் ஒரே முறை.

தண்ணீருக்கு நேரமும் போகிறது. ஒரு கட்டத்துக்கு ஒரு விநாடி என்று வைத்தாலும் 60 கட்டத்துக்கு ஒரு நிமிடம். கேம் கடிகாரத்தில் அது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பூவாளி 40 கட்டம் வரைதான் தாங்கும், நடுவில் குளத்துக்கு ஓட வேண்டும். அதனால்தான் தெளிப்பான் வந்ததும் ஆட்டமே மாறிவிடுகிறது. விவசாயத் திறன் 2ஐத் தொட்டதும் முதல் தெளிப்பான் செய்யும் முறை தெரியவரும். ஒரு செம்புக்கட்டி, ஒரு இரும்புக்கட்டி போதும். காலையில் தன்னைச் சுற்றி 4 கட்டத்தை நனைத்துவிடும். திறன் 6இல் வருவது 8 கட்டம், 9இல் வருவது 24 கட்டம். 8 கட்டத் தெளிப்பான் பத்து இருந்தால் 80 கட்டத்துக்கான 160 தெம்பு தினமும் மிச்சம். அந்தத் தெம்போடு சுரங்கத்துக்குப் போகலாம், ஊராரோடு பழகலாம்.

28 நாள் நாட்காட்டி

ஒரு பருவம் 28 நாள். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என நான்கு பருவம் சேர்ந்து 112 நாள் ஒரு வருடம். 28 என்பது சரியாக நாலு வாரம் என்பதால் எல்லாப் பருவத்திலும் 1, 8, 15, 22 தேதிகள் திங்கட்கிழமை. நாட்காட்டியை ஒரு முறை மனதில் ஏற்றிக்கொண்டால் போதும்.

பருவம் மாறும் முதல் நாள் காலை, முந்தைய பருவத்தின் பயிர் எல்லாம் செத்துவிடும். மக்காச்சோளம் போலக் கோடையிலும் இலையுதிர் பருவத்திலும் நிற்கக்கூடிய சில பயிர்கள் மட்டும் தப்பிக்கும். தண்ணீர் ஊற்றியது, காவல் காத்தது எதுவும் கணக்கில் வராது. எனவே ஒவ்வொரு பயிருக்கும் கடைசி விதைப்பு நாள் என்று ஒன்று உண்டு. 28இலிருந்து விளையும் நாட்களைக் கழித்தால் அது வந்துவிடும். காலிஃபிளவருக்கு 16, பார்ஸ்னிப்புக்கு 24.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பியர் என்பவரின் விதைக்கடை காலை 9 முதல் மாலை 5 வரை. புதன்கிழமை விடுமுறை, ஊரின் சமூகக்கூடத்தைச் சீரமைத்து முடித்த பிறகுதான் புதனிலும் திறக்கும். வசந்தம் 24 புதன்கிழமை, அன்றே மலர் நடன விழாவும் வருகிறது. ஆகவே கடைசி பார்ஸ்னிப் விதையை 23ஆம் தேதி மாலை 5 மணிக்குள் வாங்கி வைத்திருக்க வேண்டும். இதே மாதிரி 3, 10, 17 தேதிகளிலும் கடை மூடியிருக்கும். செவ்வாய்க்கிழமை மாலை விதை இருப்பைப் பார்த்துக்கொள்வதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஸ்ட்ராபெரி விஷயத்தில் பலர் வீணாகப் பதறுகிறார்கள். விதை 13ஆம் தேதி முட்டைத் திருவிழாவில் கிடைக்கும், 100 காசு. விழா முடிந்து வீடு திரும்பினால் இரவு 10 மணி. அன்று இரவே அத்தனையையும் நட்டாக வேண்டும் என்று இருட்டில் கொத்தித் தெம்பை இழக்கிறார்கள். ஸ்ட்ராபெரி 8 நாளில் முதல் காய்ப்பு, பிறகு 4 நாளுக்கு ஒருமுறை. 13இல் நட்டால் 21, 25 என்று இரண்டு பறிப்பு. 16இல் நட்டாலும் 24, 28 என்று இரண்டே பறிப்பு. மூன்று நாள் அவகாசம் இருக்கிறது. 17ஐத் தொட்டால்தான் ஒன்றாகக் குறையும். கையில் இருக்கும் விதையில் கொஞ்சத்தை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைத்து, வசந்தம் முதல் தேதி நட்டால் ஒரு செடிக்கு ஐந்து பறிப்பு.

"இன்னும் ஒரே ஒரு நாள்"

14 நிமிடம் என்பது கேட்கக் குறைவு. ஆனால் கையில் எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை என்று ஆடுபவர்கள் எல்லோருமே சொல்கிறார்கள். காரணம் பயிர்களின் நாள் கணக்கில் இருக்கிறது. முதல் தேதி பார்ஸ்னிப், உருளை, காலிஃபிளவர் மூன்றும் நட்டால் 5, 7, 13 என்று வெவ்வேறு காலையில் அறுவடை வரும். நடுவில் கோழி முட்டை, மேம்படுத்தக் கொல்லரிடம் கொடுத்த பூவாளி, தச்சரிடம் சொன்ன கொட்டகை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளில் கைக்கு வரும். எல்லாம் முடிந்தது என்று சொல்லும்படியான காலை ஒன்றுகூட வராது.

இதோடு சேவ் விதியையும் சேர்த்துப் பாருங்கள். நிறுத்தப் பாதுகாப்பான ஒரே இடம் நாள் முடிவு. அதே நொடியில்தான் விற்பனைக் காசு வருகிறது, அடுத்த காலை விடிகிறது, விளைந்த செடி வாசலில் நிற்கிறது. நிறுத்த வேண்டிய இடமும் தொடர ஆசை வரும் இடமும் ஒன்றாக இருக்கின்றன.

கையடக்கக் கருவி இந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்துகிறது. கேமில் மதியம் 2 மணிக்கு, குளக்கரையில் நின்றபடியே பட்டனை அழுத்திவிடலாம். அந்த நேரத்தில் அடுத்த நாளின் ஆசை இல்லை. சீக்கிரம் நிறுத்தப் பழக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல வழி, பேட்டரியில் போதிய சார்ஜ் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சில நாள் தொடப்போவதில்லை என்றால் மட்டும் படுத்து, விடிந்து, காலை 6 மணிக்கு எதையும் தொடாமல் மூடுங்கள். அங்கே இழக்க ஒன்றும் இல்லை.

சின்னத் திரையில் ஆடும்போது

கணினியில் மவுஸால் எந்தக் கட்டத்தைத் தொடுகிறோமோ அங்கே தண்ணீர் விழும். ஸ்விட்சில் விவசாயி எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அதற்கு எதிரில் உள்ள கட்டத்தில் விழும். அரைக் கட்டம் நகர்ந்து நின்றால் தண்ணீர் வெறும் மண்ணில் போய்விடும், இரண்டு தெம்பும் வீண். அமைப்புகளில் கருவி எந்தக் கட்டத்தில் படும் என்பதை எப்போதும் காட்டும் ஒரு தெரிவு இருக்கிறது. அதை முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள், சின்னச் சிவப்புச் சட்டம் ஒன்று முன்னால் நகர்ந்துகொண்டே வரும்.

எழுத்தின் அளவையும் அதே இடத்தில் கூட்டலாம். ஸ்விட்சின் சின்ன வடிவமான ஸ்விட்ச் லைட்டின் திரை 5.5 அங்குலம்தான், கண்ணை இடுக்கிக்கொண்டு ஆட வேண்டாம். கேம் 12 மொழிகளில் வருகிறது, தமிழ் அதில் இல்லை.

இரண்டு வருடம், 52 மணி நேரம்

வருடத்துக்கு 112 நாள், நாளுக்கு 14 நிமிடம் என்றால் ஒரு வருடம் ஏறக்குறைய 26 மணி நேரம். மெனுவில் செலவிடும் நேரம் தனி. மூன்றாம் வருடம் வசந்தம் முதல் தேதி, பண்ணையை விட்டுச் சென்ற தாத்தா ஆவியாக வந்து உங்கள் உழைப்பை மதிப்பிடுவார். அதற்குள் ஆட்டத்தில் 52 மணி நேரம் போயிருக்கும். பலரும் இதைக் கெடு என்று எண்ணி முதல் வருடமே பரபரக்கிறார்கள், ஒவ்வொரு நாளையும் இரவு 2 மணி வரை இழுக்கிறார்கள்.

மொத்தம் 21 மதிப்பெண், 12 எடுத்தாலே தாத்தாவின் நினைவிடத்தில் முழு மதிப்பீட்டின் அடையாளமாக நான்கு மெழுகுவத்தியும் எரியும். எடுக்காவிட்டால் ஒரு வைரத்தை அங்கே வைக்கலாம், மறுநாள் அவர் திரும்ப வந்து பார்ப்பார். மூன்றாம் வருடமானாலும் சரி, பத்தாம் வருடமானாலும் சரி, எத்தனை முறை வேண்டுமானாலும் கூப்பிடலாம்.